நாலு ஸ்ட்ராங் பீர், ஒரே மாலை: எதிலிருந்து தொடங்குவது?

நுரைப்பித்தன்:
நண்பர்கள் மூன்று பேரும் நானும் சேர்ந்து நாலு பாட்டிலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசித்துப் பார்க்கப் போகிறோம். டுவெல் (8.5%), சியரா நெவாடா பிக்ஃபுட் (9.6%), ரோஷ்ஃபோர்ட் 10 (11.3%), அப்புறம் போர்பன் விஸ்கி பீப்பாயில் ஊறிய இம்பீரியல் ஸ்டவுட் என்ற கனமான கறுப்பு பீர் ஒன்று (13%). சதவீதப்படி ஏறுவரிசையில் குடித்தால் போதும் என்கிறான் ஒருவன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எவ்வளவு ஊற்றலாம், எவ்வளவு குளிர்ச்சி வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

பீப்பாய்வாசி:
சதவீதம் போதை எவ்வளவு ஏறும் என்று சொல்லும், ருசி எவ்வளவு கனம் என்று சொல்லாது. டுவெல்லையே பாருங்கள். காய்ச்சும்போது சர்க்கரை சேர்க்கிறார்கள், ஈஸ்ட் அதை மிச்சமில்லாமல் தின்றுவிடுகிறது. அதனால்தான் 8.5% இருந்தும் வாயில் லேசாக, வறண்டு முடிகிறது. அது முதலில் வரட்டும்.

பிக்ஃபுட்டை ரோஷ்ஃபோர்ட்டுக்கு முன்னால் வைக்காதீர்கள். அது அமெரிக்க பாணி பார்லிவைன், அதாவது ஒயின் மாதிரி காட்டமான பீர். கசப்புக்கும் வாசத்துக்கும் போடும் ஹாப்ஸ் பூவை அள்ளிக் கொட்டியிருப்பார்கள். அந்தக் கசப்பு நாக்கை விட்டு லேசில் போகாது. அதற்கு மேல் ரோஷ்ஃபோர்ட்டைக் குடித்தால் அத்திப்பழம், உலர்திராட்சை, கிராம்பு எல்லாம் அமுங்கி வெறும் இனிப்புதான் மிஞ்சும். ஸ்டவுட் கடைசியில். வறுத்த மால்ட்டும் (முளைகட்டிய பார்லி) பீப்பாயின் வனிலா வாசமும் எந்தக் கசப்பையும் தாண்டி வரும்.

குளிர்ச்சிதான் பலர் கோட்டை விடும் இடம். டுவெல் மட்டும் 6, 7 டிகிரியில் இருக்கட்டும். மற்ற மூன்றையும் முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்து, 12 டிகிரி வாக்கில் ஊற்றுங்கள். ரோஷ்ஃபோர்ட்டைச் சில்லென்று ஊற்றினால் முதல் மிடறில் வாசனை சரியாகத் தெரியாது. வாய் குறுகிய கிளாஸைக் கைக்குள் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள். முதலில் பழ வாசனை எழும், பிறகு சாக்லேட், கடைசியில் மிளகுபோல ஒரு காரம். பாட்டிலின் அடியில் ஈஸ்ட் மண்டி இருக்கும், சாய்த்து மெதுவாக ஊற்றுங்கள். மண்டியைத் தனியாக ஒரு வாய் குடித்துப் பார்ப்பது என் வழக்கம், எல்லோருக்கும் பிடிக்காது.

ஆளுக்கு 80 மில்லி போதும். நாலும் சேர்த்தால் சாதாரண 5% பீர் 330 மில்லி பாட்டில் இரண்டு குடித்த கணக்கு. வண்டியைத் தொடாதீர்கள். நடுநடுவே தண்ணீர் குடியுங்கள். மூக்கு மரத்துப் போனால் உங்கள் சட்டைக் கையையே முகர்ந்து பாருங்கள், தெளிந்துவிடும்.

கண்கட்டி:
வரிசை சரி. ஆனால் டுவெல்லையும் ஸ்டவுட்டையும் ஒப்பிட்டு என்ன தெரியப் போகிறது? வேறு வேறு என்று தெரியும், அவ்வளவுதான். ரோஷ்ஃபோர்ட் 10 பக்கத்தில் அதே மாதிரி பெல்ஜியக் கருநிற பீர்களான செயின்ட் பெர்னார்டஸ் ஆப்ட் 12, முடிந்தால் வெஸ்ட்ஃப்ளெடரன் 12 வையுங்கள். பின்னது இரண்டும் ஒருவகையில் பங்காளிகள். 1946 முதல் 1992 வரை வெஸ்ட்ஃப்ளெடரன் மடத்தின் உரிமத்தில் பீர் காய்ச்சியது செயின்ட் பெர்னார்டஸ்தான். மூன்று கிளாஸ் எடுத்து, இரண்டில் ஒரே பீரையும் மூன்றாவதில் வேறொரு பீரையும் ஊற்றி, லேபிளை மறைத்துவிட்டு எது தனி என்று கேளுங்கள். பெரிய பேச்சுப் பேசுகிறவர்கள் கப்சிப் ஆகிவிடுவார்கள்.

பீப்பாய்வாசி:
அதுவும் சரிதான், ஆனால் வெஸ்ட்ஃப்ளெடரன் கைக்கு வருகிற கதையா? முதல் தடவை நாலு திசையிலும் போய்ப் பார்க்கட்டும் ஐயா. நுரைப்பித்தன், பிக்ஃபுட் எந்த வருடத்துச் சரக்கு? பாட்டிலில் போட்டிருக்கும், பாருங்கள்.

நுரைப்பித்தன்:
இருவருக்கும் நன்றி. இப்போதுதான் பார்த்தேன், நாலு வருடப் பழசு! கெட்டுப் போயிருக்குமா?

பீப்பாய்வாசி:
ஹாப்ஸ் வாசத்துக்காகவே புதிதாகக் குடிக்கும் டபுள் ஐபிஏ வகை பீர் என்றால் கொட்டிவிடச் சொல்லியிருப்பேன். பார்லிவைன் தாங்கும். ஈர அட்டைப்பெட்டி வாசனை வந்தால் மட்டும் ஒதுக்கிவிடுங்கள். நன்றாக இருந்தால் ஹாப்ஸ் வாசம் மங்கி, கசப்பு தணிந்து, டாஃபியும் ஷெர்ரி ஒயின் வாசமும் மேலே வந்திருக்கும். அப்படியானால் நான் சொன்ன வரிசையை மாற்றுங்கள். ரோஷ்ஃபோர்ட்டையும் அதையும் ஒரே நேரத்தில் ஊற்றி மாறி மாறிக் குடியுங்கள். இரண்டிலும் உலர்பழ வாசனை வரும். ரோஷ்ஃபோர்ட்டில் அதில் ஒரு பங்கு ஈஸ்ட் கொடுத்தது, பிக்ஃபுட்டில் காற்றும் காலமும் கொடுத்தது. கண்கட்டி கேட்கும் ஒப்பீடும் அதிலேயே கிடைத்துவிடும்.