பி1, பி3, பி5, பி6 என்ற நெட்பிபிஎம் படக் கோப்புகளை உலாவியில் திறந்தபோது நடந்தவை

நாவலடி:
இந்தக் கோப்புகளை உலாவியில் வாசித்துக் காட்டும் நிரல் நூலகம் எது என்று சொல்லத் தேவையில்லை, இங்கே எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் மாமாவின் ஒரே ஒரு வர்ணப்படம்தான் மிஞ்சியது. கல்முனையில் உறவினர் வீட்டு அல்பத்தில் இருந்ததால் தப்பியது. லினக்ஸில் ஸ்கேன் செய்தேன், பி6 கோப்பாக, அதாவது நிறங்களைப் பைட்டுகளாகவே வைக்கும் கோப்பாக வந்தது. அதே அல்பத்தின் மற்றப் படங்கள் எல்லாம் ஒழுங்காகத் திறந்தன. இதைத் திறக்கும்போது அம்மம்மா பக்கத்தில் இருந்தார். மாமாவின் முகம் நீலம் பாய்ந்த ஊதாவாக வந்தது. அம்மம்மா திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணீருக்குள் கிடந்தவன் மாதிரி இருக்கிறானே மகன்" என்றார். மடிக்கணினியை மூடிவிட்டேன்.

காரணம் பிடிபட மூன்று இரவுகள் சென்றன. கோப்பின் தொடக்கத்தில் உள்ள தலைப்பில், உச்ச நிற மதிப்பான 255 என்ற எண்ணுக்குப் பின் ஒரேயொரு இடைவெளி எழுத்துத்தான் வர வேண்டும், அடுத்த பைட்டிலேயே படம் தொடங்கிவிடும். நூலகமோ கண்ணில் பட்ட இடைவெளிகளை எல்லாம் தாண்டிச் சென்றது. மாமாவின் படத்தில் இடது மேல் மூலை இருட்டு, முதல் பைட்டின் மதிப்பு 10. வரி முறிவுக்கும் அதே 10தான். அந்தப் பைட்டை நூலகம் விழுங்கியதும் பச்சை சிவப்பின் இடத்துக்கு வந்தது, நீலம் பச்சையின் இடத்துக்கு, அடுத்த புள்ளியின் சிவப்பு நீலத்தின் இடத்துக்கு. ஒரு வரியை மாற்றினேன், சரியாகிவிட்டது. சரியான படத்தையும் அம்மம்மாவுக்குக் காட்டினேன். ஆனால் அவர் இன்னமும் முதலில் கண்டதைத்தான் சொல்கிறார்.

மருதமுனை:
வாசித்துவிட்டுச் சற்று நேரம் எழுதவே முடியவில்லை தம்பி. என்னுடையது சிறிய விஷயம். வாப்பா சாரிக் கரைக்குப் போடும் பூவைக் கட்டத்தாளில் வரைவார். பாவும் ஊடையும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கட்டம். பி1 என்ற கறுப்பு வெள்ளை வகை அதற்கென்றே பிறந்ததுபோல இருந்தது: 1 என்றால் கறுப்பு, 0 என்றால் வெள்ளை, நோட்பேடில்கூட எழுதிவிடலாம். 48க்கு 64 புள்ளிகளில் ஒரு பூவை எழுதி, கைப்பேசியில் பெரிதாக்கி அவர் கையில் கொடுத்தேன். தறியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நகத்தால் எண்ணத் தொடங்கினார், நான்காவது இழையில் விரல் நின்றுவிட்டது. "இழை எங்கே மகன்? புகைதானே தெரிகிறது" என்றார். உலாவி சிறிய படத்தைப் பெரிதாக்கும்போது ஓரங்களைக் கரைத்துவிடுகிறது. உலாவியில் படம் வரையப்படும் பரப்பான கான்வாஸுக்கு 'இமேஜ்-ரெண்டரிங்: பிக்சலேட்டட்' என்று ஒரு சிஎஸ்எஸ் பாணி வரி போட்டிருந்தால் போதும். அடுத்த நாளே போட்டேன். வாப்பா கட்டத்தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதன் பிறகு கைப்பேசியை வாங்கிப் பார்க்கவே இல்லை.

அக்கரைப்பற்று:
நாவலடி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நூலகத்தைத் திருத்த மூன்று இரவுகள் விழித்ததற்கு, எல்லா உலாவிகளும் காட்டும் பிஎன்ஜி ஆகப் படத்தை மாற்றியிருந்தால் மூன்று நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். உலாவிகள் இந்தக் கோப்புகளைத் தாமாகக் காட்டுவதில்லை, அதற்கும் காரணம் இருக்கிறது. நானும் பட்டவன்தான். காணி வரைபடத்தை, நிறங்களை எண்களாக எழுதிவைக்கும் பி3 ஆக வைத்துக் கட்டாரில் இருக்கும் தம்பிக்கு இணைப்பை அனுப்பினேன். அவன் கைப்பேசி உறைந்துபோனது. "காணியைக் காட்டு என்றால் வெள்ளைத் தாளைக் காட்டுகிறாய்" என்று கோபத்தில் அழைப்பைத் துண்டித்தான்.

கணக்கைப் பாருங்கள். 3000க்கு 2000 என்றால் 60 இலட்சம் புள்ளிகள். பி6இல் புள்ளிக்கு மூன்று பைட், ஏறத்தாழ 18 மெகாபைட். பி3 ஒவ்வொரு எண்ணையும் இலக்கங்களாக எழுதி நடுவே இடைவெளியும் விடுவதால் 72 மெகாபைட் வரை போகலாம். கான்வாஸ் புள்ளிக்கு நான்கு பைட் கேட்கும், அது தனியாக 24 மெகாபைட். ஆகவே முதலில் பி3ஐ பி6 ஆக்குங்கள். பி6ஐ ஒருபோதும் உரையாக வாசிக்காதீர்கள்: யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் உள்ள எழுத்துகள் என்று நினைத்து வாசித்தால் பொருந்தாத பைட்டுகள் எல்லாம் ஒரே மாற்றுக்குறியாகிவிடும், திரும்பக் கிடைக்காது. அரே பஃபராக, அதாவது வெறும் பைட்டுகளாகவே வாசிக்க வேண்டும். கான்வாஸில் ஒளிபுகாமையைச் சொல்லும் நான்காவது பைட்டில் 255 போட மறந்தால் படம் முழுவதும் ஒளிபுகும், நீங்கள் வெறும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தலைப்பில் # என்று தொடங்கும் குறிப்பு வரலாம், அதையும் தாண்டத் தெரிந்த நூலகமா என்று பாருங்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால் நெட்பிபிஎம் பொதியிலேயே பிஎன்எம்டுபிஎன்ஜி என்ற கருவி இருக்கிறது. ஒரே கட்டளை.

வந்தாறுமூலை:
அண்ணா, நீங்கள் சொன்னதெல்லாம் ஒரு மதிப்புக்கு எட்டு பிட் உள்ள கோப்புக்குச் சரி. எங்களுடையது பதினாறு. பௌர்ணமி இரவில் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்துக்குக் கீழே, தோழியின் அப்பா தோணி வலிக்க, பாடும் மீனைப் பதிவுசெய்யப் போனோம். அவர் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காதை வைத்தார். "கேட்கிறது பிள்ளை" என்றார். ஒலியை நிறமாலைப் படமாக்கி, உச்ச மதிப்பு 65535 கொண்ட பி5 என்ற சாம்பல் நிறக் கோப்பாக எழுதியிருந்தேன். உலாவியில் திறந்தால் ஓரம் முதல் ஓரம் வரை பொரி கொட்டியதுபோல வெறும் இரைச்சல். அவர் காதை விட்டுவிட்டுத் திரையை நம்பினோம். தண்ணீரின் சத்தம்தான் என்று முடிவுசெய்து பதிவுகளை அன்றிரவே அழித்துவிட்டேன்.

இந்த வகைக் கோப்பில் ஒவ்வொரு மதிப்புக்கும் இரண்டு பைட், அதில் பெரிய இடமதிப்புள்ள பைட் முதலில் வரும். நூலகத்தின் பழைய பதிப்பு இரண்டு பைட்டுகளையும் கணினியின் வழக்கப்படி, சிறியது முதலில் என்று வாசித்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் டேட்டாவியூ கொண்டு வாசித்திருந்தால் எதுவும் சொல்லாமலே சரியாக எடுத்திருக்கும். பி5 கோப்பு மட்டும் கையில் மிஞ்சியது. பிறகு திருத்திப் பார்த்தபோது அடியில் மெல்லிய கோடுகள், விட்டுவிட்டு, சீரான இடைவெளியில். என்ன ஒலி என்று கேட்டுப் பார்க்க ஒலிப்பதிவு இல்லை. தோழியின் அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

நாவலடி:
அக்கரைப்பற்று அண்ணா, பிஎன்ஜி ஆக்கத் தெரியாமல் நான் எழுதவில்லை. என் அம்மம்மா கண்டதை எழுதினேன்.

தங்கச்சி, பதிவுகள் இருந்த மெமரி கார்ட் இன்னும் இருக்கிறதா? இருந்தால் அதில் வேறெதையும் பதியாதீர்கள், படம்கூட எடுக்காதீர்கள். ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் அழித்த வாவ் ஒலிக் கோப்புகளையும் தேடி எடுக்கும், மேலே வேறெதுவும் எழுதப்படாமல் இருந்தால். சனிக்கிழமை வந்தாறுமூலைப் பக்கம் வருகிறேன், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.