ஊட்டிக் குளிரில் பெங்குயின் வளர்க்கலாமா?

கேத்தி கதிர்:
மும்பை பைகுல்லா பூங்காவுக்கு 2016இல் சியோலிலிருந்து 8 ஹம்போல்ட் பெங்குயின்கள் வந்தன. அந்த வெக்கையில் 16–18 டிகிரிக்குக் கொண்டுவர இயந்திரம் ஓயாமல் ஓடணும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் அந்தச் செலவு வெகுவாகக் குறையும். பிள்ளைகள் நேரில் பார்த்தால்தானே இந்தப் பறவை அழிகிறதே என்ற பதைப்பு வரும்? இங்கே ஒரு கூடம் கட்டணும்.

சோலைக்குருவி:
கதிர் அண்ணா, ஹம்போல்ட் பனிக்கட்டிப் பறவை இல்லை. பெரு, சிலி கரையில், மழை அரிதான பாலை ஓரத்தில் வாழ்வது. குளிர்ச்சி கடல் நீரோட்டத்தில்தான். நமக்கோ ஜூன் பிறந்தால் நவம்பர்வரை ஈரம். மட்கிய இலையில் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்து மூச்சோடு போய்க் காற்றுப்பையில் படியும். தீனி குறைந்து, வாய் திறந்து மூச்சு வாங்கும்போது நோய் முற்றியிருக்கும். மருந்து பெரும்பாலும் பலிக்காது. கொசு பரப்பும் பறவை மலேரியாவும் பெங்குயினைச் சீக்கிரம் கொல்லும்.

கேத்தி கதிர்:
அதற்குத்தான் மூடிய கூடம்: வடிகட்டிய காற்று, இரட்டைக் கதவு. சிமென்ட் தரையில் நின்றே கிடந்தால் பாதம் புண்ணாகும். கூழாங்கல்லும் ரப்பர் விரிப்பும் மாற்றிப் போட்டு, நன்றாக நீந்த விடணும். உறைந்த மீனில் தயமின் (வைட்டமின் பி1) குறையும்; அதற்கு ஒரு கிலோ மீனுக்கு 25–30 மில்லிகிராம் சேர்க்கணும்.

சோலைக்குருவி:
மூடிவிட்டால் ஈரத்தை உறிஞ்ச இயந்திரம் ஓடணும். மிச்சம் பிடித்த மின்சாரம் அதிலேயே போகும்.

கொடைக்கானல் வாணி:
இரண்டு பேரும் கூடத்துக்குள்ளேயே நிற்கிறீங்க. பறவை சாவது கடலோரத்தில். ஆப்பிரிக்கப் பெங்குயின் 2024 அக்டோபரில் அழிவின் விளிம்புப் பட்டியலில் சேர்ந்தது. இனம்பெருக்கும் இணைகள் 10,000க்கும் குறைவு. இறகு உதிர்க்கும் சுமார் 3 வாரம் உடம்பில் தண்ணீர் ஒட்டும், கடலில் இறங்காது, முழுப் பட்டினி. முன்கூட்டியே மத்தியும் நெத்திலியும் தின்று கொழுத்திருக்கணும். மீன் கிடைக்காவிட்டால் கரையிலேயே சுருண்டுவிடும். அதனால்தான் தென்னாப்பிரிக்காவில் 6 வாழிடங்களைச் சுற்றி அந்த மீன்களை வணிகப் படகுகள் பிடிக்க 10 ஆண்டுத் தடை. 2025 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவானது. ஹம்போல்ட்டுக்கு வேறு அவதி. பறவை எச்சம் கெட்டிப்பட்ட மண்ணில் வளை தோண்டும். அதை உரத்துக்கு வெட்டி எடுத்த இடங்களில் முட்டை வெயிலில் கிடக்கிறது.

கேத்தி கதிர்:
பறவையையே பார்க்காதவருக்கு அந்தத் தடையில் என்ன அக்கறை வரும்?

கொடைக்கானல் வாணி:
வரையாட்டுக்கு 2023இல் தமிழக அரசு தனித்திட்டம் தொடங்கியது கூண்டில் காட்டியா? வெளிநாட்டுச் சீகை (வாட்டில்) மரம் பரவிய இடத்தில் அது மேயும் புல்வெளியை மீட்கணும் என்று கேட்டவர்கள் இங்கேயே இருந்தாங்க. ஆப்பிரிக்கப் பெங்குயினுக்கு வெயில் தாங்கும் இரட்டைச் சுவர்ப் பீங்கான் கூடுகள் வைக்கிறாங்க. பணம் அங்கே போகட்டும்.

கேத்தி கதிர்:
கூடத்தை விடமாட்டேன். டிக்கெட் பணத்தில் ஒரு பங்கு அந்தக் கூடுகளுக்கு என்று சேர்த்துக்கிறேன்.

சோலைக்குருவி:
ஆடி மாத ஈரத்துக்கு முதலில் வழி சொல்லுங்க அண்ணா.