கோபக்காரனான எனக்கு வராத நெஞ்சுவலி, அமைதியான தம்பிக்கு வந்தது ஏன்?

கேள்வி: கொலுசுப் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

சேலத்தில் நானும் தம்பியும் இருபது ஆண்டுகளாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தி வருகிறோம். வெள்ளி விலை சரிந்தாலும், கொடுத்த சரக்குக்குப் பணம் வராமல் இழுத்தாலும் நான் வாய்விட்டுக் கத்திவிடுவேன். கால் மணி நேரத்தில் அதை மறந்தும் விடுவேன். தம்பியோ ஒரு வார்த்தை பேசமாட்டான், இரவெல்லாம் விழித்துக் கிடப்பான். வீட்டில் எல்லாரும் எனக்குத்தான் நெஞ்சுவலி வரும் என்று பயந்தார்கள். சென்ற மாதம் ஸ்டென்ட் வைத்தது 47 வயதுத் தம்பிக்கு. அவனுக்குச் சர்க்கரை இல்லை, புகைப்பழக்கமும் இல்லை. ஒருவருடைய குணத்துக்கும், மன உளைச்சலின்போது இதயம் நடந்துகொள்ளும் விதத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

மறுமொழி: உடலியங்கியல் ஆசிரியை, அஸ்தம்பட்டி

வணக்கம் ஐயா. உங்கள் வீட்டார் பயந்ததற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இதய மருத்துவர்களான மேயர் ஃபிரீட்மேனும் ரே ரோசன்மேனும், எப்போதும் அவசரம், போட்டி, எரிச்சல் என்று வாழ்பவர்களின் குணத்தை 'ஏ வகை' என்று 1959-இல் விவரித்தார்கள். பிறகு 3,154 ஆண்களை எட்டரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அக்குணத்தாருக்கு இதய நோய் ஏறத்தாழ இரு மடங்காக வந்திருந்தது. ஆனால் அதே ஆய்வில் நோய்க்கு ஆளானவர்களைப் பின்னாளில் பார்த்தபோது, அவர்களுள் ஏ வகையினர் மற்றவர்களைவிட அதிகமாக இறக்கவில்லை. அவசர குணத்தைவிட, பிறர்மேல் ஓயாமல் கொண்டிருக்கும் பகையுணர்வே கெடுதலானது என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது.

உங்கள் தம்பியைப் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் உளவியல் ஆய்வாளர் யோகான் டெனோலெட். கவலையும் வருத்தமும் மிகுந்து, அவற்றைப் பிறரிடம் காட்டாமல் அடக்கிக்கொள்ளும் குணத்தை அவர் 'டி வகை' என்றார்; அதை அளக்க 14 கேள்விகள் கொண்ட படிவத்தை 2005-இல் வெளியிட்டார். கவலை மட்டும் இருந்தால் போதாது, அடக்குதலும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். இதய நோயாளிகளிடம் தொடக்கத்தில் செய்த ஆய்வுகள் இவ்வகையினருக்கு ஆபத்து மிகுதி என்றன. பிற்கால ஆய்வுகள் சில அவ்வளவு வலுவான தொடர்பைக் காணவில்லை. ஆகவே இதை உறுதியான விதியாகக் கொள்ள வேண்டாம்.

மன உளைச்சலின்போது இதயம் எப்படி நடந்துகொள்கிறது என்று அறிய, ஆய்வுக்கூடத்தில் ஒருவரை உட்காரவைத்து, ஒரு பெரிய எண்ணிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே போகச் சொல்வார்கள். அப்போது உடலை அவசரத்துக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் விழித்து, அட்ரினலின் சுரந்து, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். அது இயல்புதான், கணக்கு முடிந்தபின் அவை எவ்வளவு விரைவில் இறங்குகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். நடந்ததையே மனத்தில் திரும்பத் திரும்ப ஓட்டுபவர்களுக்கு அது இறங்கத் தாமதமாகும். நீங்கள் கால் மணி நேரத்தில் மறந்ததைத் தம்பி இரவு முழுவதும் சுமந்திருக்கிறார்.

மறுமொழி: காப்பித் தோட்டக் கணக்கர், ஏற்காடு

அண்ணா, நானும் உங்கள் தம்பியின் இனம்தான். அறுவடைக் காலத்தில் கூலிக் கணக்கில் ஒருமுறை தகராறு வந்தபோது, பேச வேண்டியதை விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து அளந்தபோதும் இரத்த அழுத்தம் 160-க்குக் கீழே இறங்கவில்லை. மனைவியிடம் முழுவதையும் கொட்டிய அன்றிரவுதான் தணிந்தது. ஒருவனுடைய அனுபவம் ஆராய்ச்சியாகாது என்பதை அறிவேன், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மறுமொழி: உடலியங்கியல் ஆசிரியை

ஒன்றை வலியுறுத்துகிறேன் ஐயா: குணத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு மருந்தை விட்டுவிடக் கூடாது. கெட்ட கொழுப்பும் பரம்பரையும் குணம் பார்ப்பதில்லை. மேலும், மன உளைச்சலால் இதயத் தசைக்கு இரத்தம் குறையும்போது பலருக்கு வலியே தெரிவதில்லை. ஆகையால் 'வலி இல்லை' என்று தம்பி சொல்வதை மட்டும் நம்பாமல் பரிசோதனைக்குத் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் கொழுப்பு அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். உடன்பிறந்தவருக்கு வந்த நோய் இது.

மறுமொழி: கொலுசுப் பட்டறைக்காரர்

இருவருக்கும் நன்றி. இதைத் தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, வர வேண்டிய பாக்கி எவ்வளவு என்பதை முதன்முறையாக என்னிடம் சொன்னான். இனி வசூலுக்கு நான் போகிறேன். அடுத்த வாரம் இருவரும் இரத்தப் பரிசோதனைக்குச் செல்கிறோம்.