புதுப்பிப்பு: கொழிஞ்சாம்பாறை மனைப்பிரிவும் தாழ்ந்த வயலும்

கேரளாவின் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மனை போடப்போகிறார்கள், தென்கோடி ஆறு மனைகள் நெல்வயலில் விழுகின்றன என்று போன மாதம் எழுதியிருந்தேன். கிருஷி பவனில் (அரசு வேளாண் அலுவலகம்) டேட்டா பேங்கை, அதாவது நெல்வயல், ஈரநிலங்களின் அரசுப் பட்டியலைப் பாருங்கள் என்று சிலர் சொன்னீர்கள். ரொம்ப நன்றி.

பார்த்துவிட்டேன். மேட்டுப் பறம்பு (வயல் அல்லாத மேட்டு நிலம்) அதில் இல்லை, அங்கே சிக்கல் இல்லை. ஆனால் வயலின் சர்வே எண் நெல்வயல் என்றே இருக்கிறது. கேரளாவின் 2008 நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி அதை மண் போட்டு நிரப்ப முடியாது. தவறாகச் சேர்த்துவிட்டார்கள் என்றால் ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்ட அலுவலர்) படிவம் 5 என்ற விண்ணப்பத்தைக் கொடுத்து நீக்கிக்கொள்ள வேண்டும். அப்படி உத்தரவு எதையும் மனை போடுகிறவர்கள் காட்டவில்லை.

அப்புறம் மனைப்பிரிவு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். கோரைப்புல்லுக்கு அடியில் செருப்பு சேற்றில் புதைந்தது. மேட்டில் பெய்கிற மழையெல்லாம் ஓர் ஓடையாக இறங்கிக் குளத்துக்குப் போகிறது. படத்தில் சரியாக அந்த இடத்தில்தான் குறுக்குத்தெரு, அடியில் ஒரு குழாய்கூடக் காட்டவில்லை. மழை குறைந்த எங்கள் பக்கத்தில் அந்தக் குளம்தான் சுற்றியிருக்கும் கிணறுகளுக்கு ஊற்று.

தெருவை மேற்கே தள்ளி, ஆறு மனைகளையும் எடுத்துவிடச் சொல்லி பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேட்டில் வீடு வரட்டும், சந்தோஷம்தான். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.