இஸ்ரேலியச் சமூகத்தை அறிய யாருடைய வாழ்க்கையிலிருந்து தொடங்குவது?

ஏட்டுச்சுவடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களாக இஸ்ரேலின் சமூக வரலாற்றை அந்நாட்டுப் பெயர்பெற்ற மனிதர்களின் வாழ்க்கை வழியாகப் படித்து வருகிறேன். எல்லோரையும் போல நாட்டின் முதல் பிரதமர் டேவிட் பென்-குரியன், பின்னர் பிரதமரான கோல்டா மெயர் ஆகிய இருவரிடமிருந்துதான் தொடங்கினேன். கோல்டா 1898-இல் கீவ் நகரில் பிறந்து, சிறுமியாக அமெரிக்காவின் மில்வாக்கிக்குச் சென்று, 1921-இல் பாலஸ்தீனத்துக்கு வந்து மெர்ஹாவியா என்ற கிப்புட்ஸில், அதாவது உடைமையும் உழைப்பும் பொதுவான வேளாண் குடியிருப்பில், உழைத்து, 1969-இல் பிரதமராகி, 1973 போரைத் தொடர்ந்து எழுந்த கண்டனங்களால் 1974-இல் பதவி விலகியவர். பென்-குரியனோ போலந்தின் புவோன்ஸ்க் ஊரில் டேவிட் க்ரூன் என்ற பெயரோடு பிறந்து, பாலஸ்தீனத்துக்கு வந்தபின் எபிரேயப் பெயரைச் சூடிக்கொண்டவர். 1956-இல் கோல்டா வெளியுறவு அமைச்சரானபோது, மெயெர்சன் என்ற குடும்பப் பெயரை மெயர் என மாற்றச் செய்தவரும் அவரே.

படித்து முடித்தபோது எனக்குக் குறையாகத் தோன்றியது இதுதான். இவர்களுடைய வாழ்க்கையும் அரசின் வரலாறும் ஒன்றோடொன்று முழுமையாகப் பின்னிக் கிடப்பதால், அரசு தெரிகிறதே ஒழியச் சமூகம் தெரியவில்லை. பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னவரைத் தெரிந்துகொண்டேன்; மாற்றிக்கொள்ள நேர்ந்த ஆயிரமாயிரம் பேர் வீட்டுக்குள் எந்த மொழியில் பேசினார்கள் என்பது தெரியவில்லை. இவர்கள் அமைத்த நாட்டுக்குப் பின்னர் வந்து சேர்ந்தவர்களையும், இவர்கள் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்களையும் அறிய யாரைப் படிக்கலாம்? ஒருவருடைய வாழ்க்கையை வைத்து ஒரு சமூகத்தைப் பற்றி முடிவுக்கு வருவது முறைதானா என்ற ஐயமும் எனக்கு உண்டு. அதைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

நெடுவழி எழுதியது:

நல்ல கேள்வி, நண்பரே. தலைவர்களை விட்டுவிட்டு அந்நாட்டு ரூபாய்த்தாள் போன்றதான ஷெக்கல் தாள்களைப் பாருங்கள் என்று நான் சொல்வேன். 2014 முதல் 2017 வரை வெளியான தாள்கள் நான்கிலும் கவிஞர்களே இடம்பெற்றிருக்கிறார்கள். 20 ஷெக்கலில் ராஹேல், 50-இல் ஷாவுல் செர்னிஹோவ்ஸ்கி, 100-இல் லேயா கோல்ட்பர்க், 200-இல் நாத்தான் ஆல்தர்மன். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை எவருடைய வீட்டுப் பேச்சுமொழியாகவும் இல்லாதிருந்த ஒரு மொழிக்கு ஒரு சமூகம் செலுத்தும் நன்றிக்கடனாகவே இதை நான் பார்க்கிறேன். எலியேசர் பென்-யெஹுதா 1881-இல் எருசலேமில் குடியேறி, மறு ஆண்டு பிறந்த தம் மகனிடம் எபிரேயத்தைத் தவிர வேறெதுவும் பேசக்கூடாது என்று வீட்டாரைக் கட்டுப்படுத்தி வளர்த்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பிடிவாதத்தின் விளைச்சலை இந்த நால்வரிடம் காணலாம்.

இவர்களில் ராஹேலிடமிருந்து தொடங்குங்கள். 1890-இல் ருஷ்யாவின் சராத்தோவில் பிறந்து, 1909-இல் பாலஸ்தீனத்துக்கு வந்து, கினெரெத் ஏரிக்கரைப் பண்ணையில் மண்வெட்டி பிடித்தவர். வேளாண்மை கற்பதற்காகப் பிரான்சின் துலூஸ் நகருக்குச் சென்றிருந்தபோது முதல் உலகப்போர் மூண்டதால் திரும்ப வழியின்றி ருஷ்யாவுக்குப் போனார். அங்கே அகதிக் குழந்தைகளிடையே பணியாற்றிய காலத்தில் காசநோய் முற்றியது. 1919-இல் திரும்பி, கிப்புட்ஸ் இயக்கத்தின் தாய்வீடான தெகானியாவில் சேர்ந்தார். நோய் தெரியவந்ததும், குழந்தைகளுக்குத் தொற்றிவிடும் என்ற அச்சத்தில், அந்தக் கூட்டுவாழ்வு அவரை வெளியேறச் சொன்னது. அதன்பின் நகரங்களில் வாடகை அறைகளில் தனித்து வாழ்ந்து, தொழிலாளர் நாளிதழில் சிறு கவிதைகளை எழுதி, 1931-இல் நாற்பதாம் வயதில் மறைந்தார். கினெரெத் கரையில் அவருடைய கல்லறைக்கு இன்றும் மக்கள் வந்துபோகிறார்கள்.

எல்லாவற்றையும் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொண்ட ஒரு கூட்டம், உழைக்க முடியாமல் போனவரை என்ன செய்தது என்பதை இந்த ஒரு வாழ்க்கை காட்டுவதைப் போலக் கிப்புட்ஸ் பற்றிய எந்த விளக்கமும் எனக்குக் காட்டியதில்லை. அவர்களைக் கொடியவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. ஒரே கூரையின் கீழ் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த நோய் பரவினால் மருந்தில்லாத காலம் அது.

அதே தாள்கள் இன்னொன்றையும் சொல்கின்றன. நால்வரும் ஐரோப்பாவில் பிறந்த அஷ்கனாஸி யூதர்கள். 2013-இல் இந்தத் தேர்வு அறிவிக்கப்பட்டபோது, மத்திய கிழக்கிலும் வட ஆப்பிரிக்காவிலும் இருந்து வந்த மிஸ்ரஹி யூதர்களில் ஒருவருக்குக்கூட இடமில்லையா என்ற கேள்வி நாட்டுக்குள்ளேயே உரக்க எழுந்தது.

தாழ்வாரம் எழுதியது:

நெடுவழி அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன். தாள்களில் இல்லாதவர்களைத் தேடுவோருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் நாவலாசிரியர் சாமி மிக்காயேல். 1926-இல் பாக்தாத்தில் பிறந்தவர். இளமையிலேயே பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டதால் கைது செய்யத் தேடப்பட்டு, 1948-இல் ஈரானுக்குத் தப்பி, மறு ஆண்டு இஸ்ரேலுக்கு வந்தார். யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற சியோனியப் பற்றினால் வந்தவரல்லர். போக வேறிடம் இல்லாததால் வந்தவர். ஹைஃபாவில் குடியேறி, அரபு மொழி ஏடான அல்-இத்திஹாதில் எழுதினார். அரபு அவருடைய தாய்மொழி. அதுவே அந்நாட்டில் பகைவரின் மொழியாகக் கருதப்பட்ட மொழியும்கூட. ஓர் எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய இக்கட்டு எது இருக்க முடியும்? பிறகு அவர் எபிரேயத்தைக் கற்று, நீர்வள ஆய்வுப் பணியில் கால்நூற்றாண்டு காலம் வேலை பார்த்துக்கொண்டே, 1974-இல்தான் முதல் எபிரேய நாவலை வெளியிட்டார். அந்த நாவல் பேசுவது மாபரா எனப்படும் தற்காலிகக் குடியேற்ற முகாம்களின் வாழ்வை. தகரத்திலும் கித்தானிலும் அமைந்த அந்த முகாம்களில், ஊரில் மதிப்போடு வாழ்ந்த தகப்பன்மார் வேலையின்றி உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் புதிய மொழியைக் கற்றுப் பெற்றோரின் பேச்சைக் கேட்டு வெட்கப்பட்டார்கள். சாமி மிக்காயேல் 2024-இல் காலமானார்.

பாடகி ஓஃப்ரா ஹஸாவையும் மறந்துவிடாதீர்கள். தெல் அவீவின் ஏழ்மைப் பகுதியான ஹத்திக்வாவில், யேமனிலிருந்து வந்த பெற்றோருக்கு ஒன்பது பிள்ளைகளில் கடைசியாக 1957-இல் பிறந்தார். மிஸ்ரஹி இசைக்கு வானொலியில் இடம் அரிதாகவே கிடைத்த காலம் அது. தெல் அவீவ் மத்தியப் பேருந்து நிலையத்துக் கடைகளில் ஒலிநாடாவாக விற்றதால் அதற்கு 'நாடா இசை' என்ற பெயரே ஏற்பட்டது. 17-ஆம் நூற்றாண்டு யேமன் கவிஞர் ஷாலோம் ஷபாஸியின் பாடலை அவர் பாட, அது 1988-இல் ஐரோப்பா முழுவதும் ஒலித்தது. தாய் தந்தையர் கொண்டுவந்த பாட்டு அயல்நாட்டைச் சுற்றிப் புகழோடு திரும்பிவந்தது.

ஆனால் இவற்றையெல்லாம் ஏணிப்படிக் கதைகளாகப் படித்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். மோஷே கத்சாவ் 1945-இல் ஈரானின் யஸ்து நகரில் பிறந்து, குழந்தையாக மாபராவில் வளர்ந்து, இருபத்து நான்காம் வயதில் கிர்யாத் மலாஹியின் மேயராகி, 2000-இல் முன்னாள் பிரதமர் ஷிமோன் பெரெஸையே தோற்கடித்துக் குடியரசுத் தலைவரானார். முகாமில் வளர்ந்த பிள்ளை நாட்டின் முதல் குடிமகனானதைப் பல குடும்பங்கள் தங்கள் வெற்றியாகக் கொண்டாடின. அவரே தம்மிடம் பணிபுரிந்த பெண்ணை வன்புணர்வு செய்த குற்றத்துக்காக 2010-இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, ஏழு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அந்தத் தீர்ப்பை வழங்கிய மூவர் அமர்வுக்குத் தலைமை வகித்தவர் யாஃபாவைச் சேர்ந்த அரபு நீதிபதி ஜார்ஜ் கர்ரா. உடனிருந்த இருவரும் பெண்கள். அந்த நீதிமன்ற அறையில் கூடியிருந்தவர்களின் பின்னணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாலே நீங்கள் தேடும் சமூகத்தின் பெரும்பகுதி அகப்படும்.

வடகரை எழுதியது:

தாழ்வாரம் அவர்கள் எழுதியதை மகிழ்ச்சியோடு படித்தேன். இருப்பினும் ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரான அரபுக் குடிமக்கள் இதுவரை இந்த உரையாடலில் ஒரு நீதிபதியின் உருவில் மட்டுமே வந்திருக்கிறார்கள். கேள்வி கேட்டவரோ, முன்பே அங்கிருந்தவர்களைப் பற்றியும் தெளிவாகக் கேட்டிருக்கிறார்.

சாமி மிக்காயேல் எழுதிய அதே அல்-இத்திஹாதை நடத்தியவர்களில் ஒருவர் எமில் ஹபீபி. 1922-இல் ஹைஃபாவில் பிறந்த பாலஸ்தீனக் கிறித்தவர். பொதுவுடைமைக் கட்சியின் சார்பில் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் அமர்ந்தவர். 1948 போரில் அவ்வூர் அரபு மக்களில் மிகப் பெரும்பாலோர் வெளியேற, எஞ்சிய சிலரில் ஒருவராக இருந்தார். எஞ்சியவர்களுக்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் கிடைத்தன. ஆயினும் பெரும்பாலோர் 1966 வரை இராணுவ நிர்வாகத்தின் கீழ், வெளியூர் செல்லவும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டிய நிலையில் வாழ்ந்தார்கள். 1974-இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற அரபு நாவல், அந்த வாழ்வை நகைப்பும் கண்ணீருமாகச் சொல்கிறது.

ஏட்டுச்சுவடி அவர்களின் இரண்டாவது ஐயத்துக்கு ஹபீபியின் வாழ்விலிருந்தே விடை சொல்ல விரும்புகிறேன். 1990-இல் பாலஸ்தீன விடுதலை இயக்கம் அவருக்கு அல்-குத்ஸ் பரிசை வழங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1992-இல், இஸ்ரேல் அரசின் உயரிய விருதான இஸ்ரேல் பரிசும் கிடைத்தது. அவர் இரண்டையும் ஏற்றார். அரபு எழுத்தாளர்கள் பலர் இரண்டாவதை ஏற்றதற்காக அவரைக் கடிந்தார்கள். இயற்பியலாளரும் அரசியல்வாதியுமான யுவால் நேமான், ஹபீபிக்கு அது வழங்கப்பட்டதைக் கண்டித்துத் தாம் முன்பு பெற்ற அதே பரிசைத் திருப்பிக் கொடுத்தார். ஹபீபி ஒருவரை வைத்து அரபுக் குடிமக்கள் இப்படித்தான் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் ஒருவர் இரு கைகளை நீட்டி இரண்டு பரிசுகளைப் பெற்றபோது யார் யாருக்குச் சினம் வந்தது, என்ன காரணம் சொன்னார்கள் என்று கவனித்தால், அது தனிமனிதக் கதையாக நின்றுவிடுவதில்லை. 1996-இல் மறைந்த அவர், தம் கல்லறையில் 'ஹைஃபாவில் தங்கிவிட்டவர்' என்று பொறிக்கச் சொல்லியிருந்தார்.

இதோடு சேர்த்து நீதிபதி சலீம் ஜுப்ரானையும் படியுங்கள். 2004-இல் உச்ச நீதிமன்றத்தின் நிரந்தர உறுப்பினரான முதல் அரபு நீதிபதி அவர். 2012-இல் ஒரு விழாவில் தேசிய கீதம் பாடப்பட்டபோது, அவர் மரியாதையோடு எழுந்து நின்றார், பாடவில்லை. யூத நெஞ்சின் ஏக்கத்தைச் சொல்லும் அந்தப் பாட்டை யூதரல்லாத குடிமகன் பாட வேண்டுமா என்ற விவாதம் பல நாள் நடந்தது.

பனைநிழல் எழுதியது:

சமயத்தைப் பற்றி எவரும் எழுதாததால் நான் சுருக்கமாக ஒரு சங்கிலியை மட்டும் குறிப்பிடுகிறேன். 1920-இல் பாக்தாத்தில் பிறந்த ரப்பி (யூத மதகுரு) ஓவாடியா யோசெஃப், மிஸ்ரஹிகளையும் உள்ளடக்கிய செஃபார்தி யூதர்களின் தலைமை ரப்பியாக இருந்த 1973-இல், எத்தியோப்பியாவின் பேத்தா இஸ்ரேல் மக்கள் யூதர்களே என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு இல்லாதிருந்தால், 1984-இல் சூடான் வழியாக நடந்த இரகசிய மீட்பில் மூன்று வயதுக் குழந்தையாக வந்த ப்னினா தமானோ-ஷாத்தா அந்நாட்டின் குடிமகளாகியிருப்பது ஐயமே. அவர் வழக்கறிஞராகவும் செய்தியாளராகவும் இருந்து, 2013-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். அதே ஆண்டு இறுதியில் நாடாளுமன்ற வளாகத்தில் நடந்த இரத்ததான முகாமில், எத்தியோப்பியாவில் பிறந்தவர் என்பதால் அவருடைய இரத்தத்தை வழக்கமான தானமாக ஏற்க மறுத்துவிட்டார்கள். 2020-இல் அவரே குடியேற்றத் துறை அமைச்சரானார். சமயத் தீர்ப்பு வாசலைத் திறந்துவிட்ட பிறகும் வீட்டுக்குள் எத்தனை கதவுகள் மூடியிருந்தன என்பதற்கு இவருடைய வாழ்க்கையைப் படிக்க வேண்டும்.

ஓவாடியா யோசெஃப் வழிகாட்டிய ஷாஸ் கட்சி 1984-இல் முதன்முதலாகத் தேசியத் தேர்தலில் நின்று சில இடங்களை வென்றது. மிஸ்ரஹிகளின் காயத்துக்குச் சமயத்தின் வழியே அரசியல் உருவம் கொடுத்த கட்சி அது. அவர் பிற சமூகங்களைப் பற்றிச் சொன்ன கடுஞ்சொற்கள் பலரைப் புண்படுத்தின என்பதையும் மறைக்கக் கூடாது. 2013-இல் அவர் மறைந்தபோது எருசலேம் கண்ட கூட்டம், அந்நாடு அதுவரை கண்ட இறுதி ஊர்வலங்களிலேயே மிகப் பெரியது என்று சொல்லப்படுகிறது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. நான் கேட்டதற்கு மேலாகவே கொடுத்துவிட்டீர்கள். உங்கள் மறுமொழிகளை ஒருசேரப் படித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது ஹைஃபாவில் இருந்த அந்தப் பத்திரிகை அலுவலகம்தான். பாக்தாத்திலிருந்து வந்த ஒரு யூதரும், ஊரைவிட்டுப் போகாத ஒரு பாலஸ்தீனரும் ஒரே அரபு ஏட்டில், ஒரே மொழியில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பின்னர் ஒருவர் எபிரேயத்துக்குப் போனார், மற்றவர் அரபிலேயே நின்றார். அந்தப் பிரிவு எப்படி நேர்ந்தது என்பதை அறிய எனக்குப் பேரார்வமாக இருக்கிறது. எனவே இவ்விருவரையும் அருகருகே வைத்து, 1950-களின் ஹைஃபாவிலிருந்து படிக்கத் தொடங்குகிறேன். ராஹேலின் கவிதைகளை மட்டும் இன்றிரவே தேடிப் படிக்கப் போகிறேன். பனைநிழல் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எத்தியோப்பியாவிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பெற்றோரைப் பற்றி, அதாவது அமைச்சராகாமல், பாடகராகாமல் வாழ்ந்து மறைந்தவர்களைப் பற்றி நீங்கள் அறிந்தது இருந்தால் தனி இழையாகவே எழுதுங்கள். காத்திருக்கிறேன்.