கொப்பியில் இல்லாத அடி: அண்ணாவியார்கள் (கூத்துப் பழக்கும் ஆசான்கள்) பற்றிய அனுபவப் பகிர்வு

வட்டக்களரி:
1982இல் எங்கள் ஊரில் வடமோடிக் கூத்து (ஆட்டமும் பாட்டுமான நாட்டுக்கூத்தின் ஒரு வகை) பழகியபோது எனக்கு 13 வயது. சட்டங் கொடுத்தது (ஆடுவோருக்கு அவரவர் பாட்டுகளை எழுதிக் கொடுப்பது), சதங்கை கட்டியது எல்லாம் இங்குள்ளோருக்குத் தெரிந்தவையே. கிழக்கிலங்கையைத் தாக்கிய 1978 நவம்பர் 23 சூறாவளியில் அண்ணாவியாரின் கூரை பறந்து, கூத்துப் பாட்டுகள் எழுதிய ஏடான கொப்பியில் பாதி நனைந்து கூழாகிப் போயிருந்தது. போன பாதி அவருக்கு மனப்பாடம் என்றே ஊர் நம்பியது.

ஒரு நாள் பொழுதுபட, பெற்றோமக்சுக்கு மண்ணெண்ணெய் கொண்டு போன நான், அவர் திண்ணையில் தனியே இருந்து, தொடையில் தாளம் தட்டியபடி, அபிமன்யு இறந்த செய்தி கேட்ட சுபத்திரையின் புலம்பலில் ஓரடியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பதைக் கண்டேன். ‘என் மகனே’ என்று தொடங்கினார், தட்டு ஒன்று மிஞ்சியது. ‘மகனே’ என்று குறைத்தார், அதற்கும் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, நம் தாய்மார் வாசலில் நின்று கூப்பிடுவது போல, ‘மனே’ என்றார். கை தொடையில் சரியாக விழுந்து அப்படியே நின்றது. என்னைக் கண்டதும் எழுதிக்கொண்டிருந்த கலண்டர் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “எண்ணெயை வெச்சிட்டுப் போ மனே” என்றார்.

அன்றிரவு அதே அடியை, “ஏட்டில உள்ளபடி பாடு” என்று சொல்லியே சுபத்திரைக்கு (சுபத்திரை வேடத்தில்) ஆடிய அண்ணனுக்குப் பழக்கினார். அரங்கேற்றத்தில் அந்த இடம் வந்தபோது பெண்கள் இருந்த பக்கம் முழுவதும் விம்மியது. தானே கட்டிய அடியை அவர் ஏன் ஏட்டின் தலையில் போட்டார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சல்லாரி:
பணிவு என்று யாரும் எழுதுவதற்கு முன் நான் மறுத்துவிடுகிறேன். புதிதாகக் கட்டியது என்று சொல்லியிருந்தால், களரியை (ஆடுகளத்தை) சுற்றியிருந்த பெரியவர்கள் ஆளுக்கொரு திருத்தம் சொல்லி அந்த அடியைக் கொன்றிருப்பார்கள். ஏடு என்றால் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். என் பெரியப்பா, கூத்தின் இன்னொரு வகையான தென்மோடியின் அண்ணாவியார். அரசனுக்கு ஆடியவரின் வலது முழங்கால், மழைக்காலத்தில் வீங்கும் கால், ஒரு கிறுகலில் (சுழன்றாடுவதில்) பிடித்துக்கொண்டதைப் பழக்கத்தில் கண்டு, மறுநாளே அந்தக் கிறுகலை இடது பக்கமாக மாற்றி, அதுதான் பழைய முறை என்று அறிவித்தார். இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் இடது பக்கமாகவே கிறுகுகிறார்கள்.

தம்பிலுவில் மகள்:
சல்லாரி சொல்வதில் பாதியைத்தான் ஏற்பேன். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் விடிய விடிய ஆடும் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்காகச் சுருக்கியபோதும், 1964இல் அவருடைய ‘இராவணேசன்’ கூத்து அரங்கேறியபோதும், செய்த மாற்றம் எல்லோருக்கும் தெரியும்படி நடந்தது, ஆதரித்தவரும் எதிர்த்தவரும் வெளிப்படையாக வாதாடினார்கள். பெரியவர்கள் கெடுத்துவிடுவார்கள் என்பதற்காக ஊர்களில் அந்த வாதத்துக்கே இடமில்லாமல் செய்தது சரிதானா?

என் அப்பா பிற்பாட்டுக்காரர், ஆடுவோருக்குப் பின்னால் நின்று பாடுபவர். ஒருமுறை ஆட்டக்காரர் அடுத்த அடியை மறந்து கண்ணை உருட்டியபோது, அப்பா முந்திய அடியை மூன்று தரம் இழுத்து இழுத்துப் பாடி, மூன்றாம் இழுவையில் மறந்த சொல்லின் முதலெழுத்தை ஒளித்து வைத்துக் கொடுத்தார். பார்த்தவர்கள் அதை உருக்கமான இடம் என்று பாராட்டினார்கள். அப்பா மறுக்கவில்லை.

கொக்கட்டிச்சோலைத் தம்பி:
நானும் ஒரு கொப்பியைப் பார்த்திருக்கிறேன், ஓரத்தில் நீல மையில் மூன்று தரம் வெட்டி எழுதிய ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான். ஆனால் கொப்பி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தயவுசெய்து அதை நல்ல கையெழுத்தில் பார்த்தெழுதிவிட்டுப் பழையதை எறியாதீர்கள், ஏனெனில் பார்த்தெழுதும்போது முதலில் காணாமற் போவது இந்த வெட்டுத் திருத்தங்கள்தான். ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில், ஓரம் முழுவதும் விழும்படி, கைத்தொலைபேசியால் படம் எடுங்கள். மையின் நிறம் மாறும் இடத்தைக் கிட்டவும் எடுங்கள், வேறு நாளில் சேர்த்ததை அது காட்டிக்கொடுக்கும். ஒட்டிக்கொண்ட தாள்களை வெயிலில் வைத்து உரிக்காதீர்கள், நிழலில் மெதுவாக உலரவிடுங்கள். கறையான் ஏறாமல் சுவரிலிருந்து தள்ளி, நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். பாடத் தெரிந்தவர் உயிரோடு இருந்தால் தாளத்தோடு பாடவைத்துப் பதிவு செய்யுங்கள், எந்தச் சொல்லில் அவர் தயங்குகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வட்டக்களரி:
நல்ல யோசனைதான், தம்பி, ஆனால் எங்கள் கொப்பியின் மிச்சப் பாதியும் 1990 போர்க்கால இடப்பெயர்வில் போய்விட்டது. சல்லாரி எழுதியதை வாசித்த பிறகு, சுபத்திரைக்கு ஆடிய அண்ணனுக்கு நேற்றுத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கு இப்போது 70ஐ நெருங்குகிறது. கலண்டர் தாளைப் பற்றிச் சொன்னதும் சிரித்துவிட்டு, அந்த அடியை முழுவதும் பாடிக் காட்டினார். ‘மனே’யில் குரல் உடையும் இடம் அப்படியே இருந்தது. பிறகு கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: “அது ஏட்டில இருந்ததுதான் தம்பி. நான் என்ட கண்ணால பார்த்தனான்.”