0.5 மி.மீ. இடைவெளி பேட்களில் சாலிடர் பேஸ்ட் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகிறது

கேள்வி:
32 முனைகள் கொண்ட க்யூஎஃப்என் சிப் (கால்கள் வெளியே நீளாமல் அடிப்பக்கத்திலேயே முனைகள் உள்ள வகை) ஒன்றைச் சாலிடர் பேஸ்டால் (உருக்கினால் ஒட்டும் உலோகத் துகள் பசை) வீட்டில் போர்டில் பொருத்த முயல்கிறேன். பேட்களின் (முனைகள் ஒட்டும் செப்புத் திட்டுகள்) மையத்திலிருந்து மையம் வரை 0.5 மி.மீ. இடைவெளி. 0.15 மி.மீ. எஃகு ஸ்டென்சிலை (பேட்களுக்கு நேராகத் துளையிட்ட தகடு) போர்டின் மேல் டேப்பால் ஒட்டி, காலாவதியான ஏடிஎம் அட்டையால் பேஸ்டை இழுக்கிறேன். முதல் போர்டு ஓரளவு தேறுகிறது. இரண்டாவதிலிருந்து பக்கத்துப் பேட்கள் சேர்ந்து, உருக்கிய பின்னும் ஷார்ட்டாகவே நிற்கின்றன. பேஸ்ட் டைப் 3 (துகள் அளவைக் குறிக்கும் எண்), ஈயம் கலந்த 63/37 (63% வெள்ளீயம், 37% ஈயம்). பிழை பேஸ்டிலா, என் கையிலா?

மறுமொழி 1:
இரண்டாவது போர்டில்தான் தொடங்குகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. 1.6 மி.மீ. போர்டைத் தனியாக மேசையில் வைத்தால், அதன் விளிம்புக்கு வெளியே ஸ்டென்சில் தாங்கலின்றி வளைவதால், அட்டையை அழுத்தும்போது உட்பகுதி மயிரிழை அளவு எழும்பி, பேஸ்ட் அடியில் கசிந்து ஒட்டிக்கொள்ளும். அந்தக் கசிவே அடுத்த போர்டில் அச்சாகிறது. அதே தடிமனுள்ள கழிவு போர்டுகளை நான்கு பக்கமும் நெருக்கி ஒட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டென்சிலின் அடிப்பக்கத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த பின் வையுங்கள். அட்டையைச் சுமார் 45 பாகை சாய்த்து ஒரே இழுப்பில் முடிப்பது நல்லது. திரும்பத் திரும்பத் தேய்ப்பதுதான் நம்மில் பலருக்கும் உள்ள கெட்ட பழக்கம்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியே, ஆனால் ஸ்டென்சிலின் தடிமனையும் பாருங்கள். துளையின் பரப்பை அதன் உட்சுவர்களின் பரப்பால் வகுத்தால் 0.66க்குக் குறையக்கூடாது என்பது வழக்கமான விதி. உங்கள் துளை 0.25 × 0.8 மி.மீ. என்று கொண்டால், 0.15 மி.மீ. தகட்டில் விகிதம் 0.63தான், 0.1 மி.மீ. தகட்டில் 0.95 ஆகிவிடும். தடித்த தகட்டில் பேஸ்டின் ஒரு பகுதி துளைக்குள்ளேயே தங்கிவிடுவதால் ஒரு பேட்டுக்குக் குறைவாகவும் இன்னொன்றுக்கு அதிகமாகவும் விழும். டைப் 3இன் துகள்கள் 25 முதல் 45 மைக்ரான் வரை இருக்கும்; துளையின் அகலத்தில் ஐந்து துகள்களாவது அடங்க வேண்டும் என்ற கணக்கில் 0.25 மி.மீ. துளைக்கு அது மயிரிழையில் தேறுகிறது. அதைவிட நுண்ணிய துகள்களுள்ள டைப் 4 கிடைத்தால் கவலையில்லை.

சிப்பின் நடுவிலுள்ள பெரிய பேட்டுக்கு ஒரே சன்னலாகத் துளை வெட்டியிருந்தால், உருகும்போது சிப் அதன் மேல் மிதந்து நகர்ந்துவிடும். அதைச் சிறு கட்டங்களாகப் பிரியுங்கள்.

கேட்டவர்:
கழிவு போர்டுகளைச் சுற்றி ஒட்டி, ஒவ்வொரு முறையும் துடைத்தபின் நான்கு போர்டுகளில் மூன்று சுத்தமாக வந்தன. நடுப் பேட்டில் எனக்கு இருப்பது ஒரே சன்னல்தான். அதைக் கட்டங்களாக்கி, 0.1 மி.மீ. தகட்டில் புதிய ஸ்டென்சிலுக்குச் சொல்லியிருக்கிறேன்.